அன்னம்மாளின் அரை மணி

ஜெபத்தில் இருக்கும்போது யாரோ கதவைத் தட்டுகிறார்கள். தட்டுவது யார் என்றும் தெரிகிறது. எழுந்து போய்த் திறப்பதா, முழங்காலிலேயே இருப்பதா?

லிட்டில் அந்தமான் தீவில், ஹட் பேயில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து, கறுப்புத் தேநீர் குடித்துக்கொண்டிருந்த பிள்ளைகளிடம் அன்னம்மாள் இப்படிக் கேட்டாள். பள்ளிப் படிப்பு முடிந்து, அடுத்து என்ன செய்வதென்று தெரியாமல் சுற்றிக்கொண்டிருந்த நாலைந்து பேர் அங்கே இருந்தார்கள். திறக்கக் கூடாது என்றான் ஒருவன். திறந்தால் என்ன குறைந்துவிடும் என்றாள் ஒருத்தி. இதை எழுதுகிறவனும் அந்தக் கூட்டத்தில்தான் நின்றான். அன்னம்மாள் அவன் பக்கமும் திரும்பிப் பார்த்தாள். பிறகு காலி டம்ளர்களைச் சேர்த்து எடுத்துக்கொண்டு கழுவப் போய்விட்டாள்.

அந்தக் கேள்விக்குப் பின்னால் இருந்த கதை பிறகுதான் தெரியவந்தது.

அன்னம்மாள் பிறந்தது இலங்கையில், பதுளைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில். காம்பரா என்கிற பத்தடி அறைகள் வரிசையாக ஒட்டிக்கொண்டிருக்கும் லயத்தில் வளர்ந்தவள். ஒரு காம்பராவில் இருமினால் நாலு காம்பராவுக்குக் கேட்கும். கொழுந்து பறித்தாள். பிறகு, பறிக்கப் போகும் பெண்கள் தங்கள் குழந்தைகளை விட்டுப்போகிற புள்ளக்காம்பராவில் ஆயாவானாள். கட்டியவன் நெஞ்சு நோயில் போய்விட்டான். பிள்ளை இல்லை. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தொன்பதில், ஒரு தகரப் பெட்டியோடு, இந்தியாவுக்குப் போகிறவர்கள் வரிசையில் நின்றாள்.

மண்டபம் முகாமில் ஒரே கொட்டகைக்குள் இருபது குடும்பம். கட்டித் தொங்கவிட்ட சேலைகள்தான் சுவர். அங்கேதான் அவளுக்குத் தனியாக ஜெபம் பண்ண வேண்டும் என்ற தவிப்பு வந்தது. கூட்டத்தோடு பாடுவது வேறு. வாயில் வருகிற எல்லாவற்றையும், வெட்கம் இல்லாமல், கர்த்தரிடம் மட்டும் சொல்லுவது வேறு. தகரப் பெட்டியை நிமிர்த்தி வைத்து அதன் பின்னால் முக்காடு போட்டு உட்காருவாள். "என்னக்கா, தலைவலியா?" என்று யாராவது வந்து தைலத்தை நீட்டுவார்கள். பொடிசுகள் முக்காட்டைத் தூக்கிப் பார்த்துச் சிரிக்கும். ஒருநாள் அழுதே விட்டாள்.

"ஆண்டவரே, வீடு கேக்கல, காணி கேக்கல. உள்ளேருந்து தாழ் போடுற மாதிரி ஒரு கதவு குடுங்க. தெனமும் அரை மணி நேரம் ஒங்களுக்குத்தான்."

கதவு கிடைக்க ஆறு வருடம் ஆயிற்று. வேலைக்கு ஆள் சேர்த்த ஒரு மேஸ்திரியோடு போர்ட் பிளேர் வந்தவள், புரோத்ராபூரில் ஒரு நர்ஸம்மா வீட்டில் பிள்ளை பார்த்துக்கொண்டு, அடுப்படியில் படுத்துக் காலத்தை ஓட்டினாள். லிட்டில் அந்தமானில் காட்டைத் திருத்தி எண்ணெய்ப் பனை வைக்கிறார்கள், வேலைக்கு வருகிற பெண்களின் குழந்தைகளைப் பார்க்க ஆள் வேண்டும் என்று கேள்விப்பட்டதும், ஹட் பேக்குக் கப்பல் ஏறினாள். தோட்டத்தில் வேலை தெரிந்தவள் என்று உடனே எடுத்துக்கொண்டார்கள். கொட்டகைக்கு அவள் வைத்த பெயரே நிலைத்தது. பரமக்குடிக்காரர்களும் வங்காளிகளும் தெலுங்குக்காரர்களும்கூட அதைப் புள்ளக்காம்பரா என்றுதான் சொன்னார்கள்.

அந்தக் கொட்டகையின் பின்பக்கம் ஒரு சரக்கு அறை இருந்தது. ஒரு கட்டில் போடுகிற அகலம். பால்பவுடர் மூட்டையும் விறகும் மண்ணெண்ணெய் டின்னும் அடுக்கியது போக, ஒருவர் முழங்கால் போட இடம் மிஞ்சும். கதவு இருந்தது. தாழ் இல்லை. உடைந்த படகிலிருந்து கழற்றிய ஓர் இரும்புத் தாழ்ப்பாளைத் தேடிப் பிடித்து, தச்சனைக் கெஞ்சி, உள்பக்கம் பொருத்தினாள். அன்று முதன்முதலாகத் தாழைத் தள்ளியபோது எழுந்த சத்தத்தைப் பற்றிச் சொல்லும்போது வயதான பிறகும் அவள் முகம் மாறும்.

மத்தியானம் சாப்பிட்டுப் பிள்ளைகள் தூங்குகிற நேரம் அவளுடையது. இரண்டரையிலிருந்து மூன்று மணிவரை. கூட வேலை செய்த நீலாவதி பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வாள். கதவுக்கு வெளியே செருப்பு கிடந்தால் அன்னம்மாள் உள்ளே இருக்கிறாள், கூப்பிடக் கூடாது. இந்துவோ முஸ்லிமோ, அத்தனை பேரும் அதை மதித்தார்கள். கடற்கரையில் டீக்கடை வைத்திருந்த சாகுல் ஹமீது மட்டும் கேலி பண்ணுவார்.

"என்ன அன்னம்மாக்கா, இன்னிக்கு மேல லைன் கெடச்சுதா? ஒயர்லெஸ்காரன்கூட ரெண்டு நிமிசத்துல பேசி முடிச்சுர்றான், ஒங்களுக்கு அரை மணியா?"

"ஒங்க கடை டீ மாதிரி தண்ணியா பேசினா ரெண்டு நிமிசம் போதும் பாய்."

வாயைத் திறந்தால் ஊரைச் சிரிக்க வைப்பவள், அந்த அரை மணி விஷயத்தில் மட்டும் இறங்கி வரமாட்டாள். பக்கத்து வீட்டு ருக்கு ஒருமுறை அகப்பட்டுக்கொண்டாள். பரமக்குடிப் பக்கத்துப் பெண் அவள். புருஷன் கோவிந்தராஜ் மரம் வெட்டுகிறவன். ரஞ்சிதம் என்று இரண்டரை வயதில் ஒரு பெண் குழந்தை. வந்த புதிதில் ருக்கு, உலையை வைத்துவிட்டு உப்பு இல்லாமல் ஓடி வந்து, அந்தக் கதவைத் தடதடவென்று தட்டிவிட்டாள். மூன்று மணிக்கு வெளியே வந்த அன்னம்மாள் பத்துப் பேர் முன்னால் பிடித்துக்கொண்டாள்.

"ஒரு பிடி உப்புக்காடி கதவ ஒடைக்குற? நீ என்ன தட்டினாலும் நான் தொறக்க மாட்டேன், தெரிஞ்சுக்க. அந்த நேரம் ஒனக்கு இல்ல."

"தெரியாம வந்துட்டேங்க்கா" என்றாள் ருக்கு. கை நிறையக் கண்ணாடி வளையல் போட்டிருந்தாள். பயத்தில் அது கிலுகிலுத்தது. பிறகு இரண்டு பேரும் நெருங்கிவிட்டார்கள். ரஞ்சிதம் பகலெல்லாம் அன்னம்மாளின் இடுப்பில்தான் இருக்கும். ஆனாலும் அந்த ஏச்சை ருக்கு மறக்கவில்லை.

எழுபத்தாறாம் வருஷம் ஜூன் மாதம், மரம் சாய்ந்து கோவிந்தராஜின் கால் நசுங்கிவிட்டது. வந்த கப்பலில் அவனைப் போர்ட் பிளேர் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். அடுத்த கப்பல் வந்து நின்ற நாளில் ஒயர்லெஸில் சேதி வந்தது. காலை எடுக்க வேண்டியிருக்கலாம், மனைவி உடனே வரவும்.

அப்போது கப்பல் கரைக்கு வராது. ஆழத்தில் நங்கூரம் போட்டு நிற்கும். ஆட்களை டோங்கி என்கிற சிறு படகில் ஏற்றி, அலை பார்த்துத் தள்ளிக்கொண்டுபோய்க் கப்பலில் சேர்ப்பார்கள். அந்தத் தீவில் நாலரை மணிக்கே வெளிச்சம் இறங்க ஆரம்பித்துவிடும். மழைக்காலம், கடல் குமுறிக்கொண்டு இருந்தது. கடைசி டோங்கி மூன்று மணிக்கு முன்னால் கிளம்பிவிடும் என்றார்கள்.

ரஞ்சிதத்துக்கு முதல் நாளிலிருந்து காய்ச்சல். ருக்கு குழந்தையைத் தூக்கிக்கொண்டு புள்ளக்காம்பராவுக்கு ஓடிவந்தாள். நீலாவதி வாசலிலேயே நிறுத்தினாள்.

"காய்ச்சப் புள்ளைய மத்த புள்ளைங்களோட விடக் கூடாதுடி. அக்காதான் தன் வீட்ல வச்சுப் பாத்துக்கணும். இரு, ஜெபத்துல இருக்காங்க. அரை மணிதான்."

"அரை மணி டோங்கி நிக்காதே."

"அப்ப நீயே போய்க் கேளு. எனக்குத் தைரியம் இல்ல."

ருக்கு பின்பக்கம் போனாள். மூன்று தரம், மெதுவாகத் தட்டினாள். கொஞ்சநேரம் நின்றாள். பிறகு குழந்தையைச் சேலையால் நெஞ்சோடு முடிந்து கட்டிக்கொண்டு கடற்கரைப் பாதையில் ஓடினாள்.

அலை உடைகிற இடத்தில் டோங்கி புரண்டது. ஏழு பேர் இருந்தார்கள். ஆறு பேரை இழுத்துக் கரை சேர்த்தார்கள். ருக்குவின் சேலை முடிச்சு அவிழாமல் இருந்தது. உள்ளே ரஞ்சிதம் இல்லை. மூன்று நாள் தேடியும் கடல் திருப்பித் தரவில்லை.

கோவிந்தராஜின் காலை டாக்டர்கள் காப்பாற்றிவிட்டார்கள். ஒரு மாதத்தில் கோல் ஊன்றிக்கொண்டு வந்துவிட்டான். பழையபடி இரண்டு வீடும் பக்கத்தில் பக்கத்தில். ருக்கு யாரையும் ஒரு சொல் சொல்லவில்லை. கையில் மிஞ்சியிருந்த வளையல்களைத் தானே உடைத்துப்போட்டாள். புருஷன் இருக்கிறவள் வெறுங்கையோடு இருக்கலாமா என்று பெண்கள் வந்து சொன்னார்கள். சொன்னவர்கள் வாங்கிவந்த புது வளையல் அலமாரி மேலேயே கிடந்தது.

அன்னம்மாளிடம் எல்லாரும் ஒரே மாதிரிதான் பேசினார்கள். "நீ என்ன செய்வ? ஜெபத்துல முழுகிக் கெடந்த. ஒனக்குக் கேட்டிருக்காது." அவள் தலையை ஆட்டினாள். அந்த ஒரு தலையாட்டலில்தான் அகப்பட்டுக்கொண்டாள்.

ஏனென்றால் அவளுக்குக் கேட்டது. தட்டின மூன்றும் கேட்டன. ஒவ்வொரு தட்டோடும் கண்ணாடி வளையல் கிலுங்கியதும் கேட்டது. தட்டுவது ருக்கு என்று தெரிந்தது. அந்த நேரம் அவள் ஒன்றும் வானத்தில் இல்லை. கோவிந்தராஜின் காலுக்காகத்தான் வேண்டிக்கொண்டிருந்தாள். இன்னொருமுறை தட்டினால் திறக்கலாம் என்று ஒரு நினைப்பு வந்தது. இன்று திறந்தால் நாளைக்கும் தட்டுவாள் என்று இன்னொரு நினைப்பு வந்தது. இரண்டுக்கும் நடுவில் மூச்சைப் பிடித்துக்கொண்டு, கதவையே பார்த்துக்கொண்டு, முழங்காலில் இருந்தாள். நாலாவது தட்டு வரவில்லை.

அடக்கம் செய்யவும் உடல் இல்லாத அந்த வாரம் முடிந்து, திங்கட்கிழமை இரண்டரைக்கு அன்னம்மாள் வழக்கம்போல உள்ளே போய்த் தாழ் போட்டாள். கண்ணை மூடினாள். மூன்று தட்டு. வளையல் சத்தம்.

பாய்ந்து போய்த் திறந்தாள். வெளியே வெயில். அவளுடைய செருப்பு. பாதையில் ஒரு நண்டு. ருக்கு அந்நேரம் கிணற்றடியில், வெறுங்கையோடு, துணி துவைத்துக்கொண்டிருப்பது அங்கிருந்தே தெரிந்தது.

மறுநாளும் அப்படித்தான். அதற்கு மறுநாளும். நேரத்தை மாற்றிப் பார்த்தாள். விடியற்காலையில் எழுந்து கடற்கரையில் போய் உட்கார்ந்தாள். அலை ஓய்ந்த ஒரு நொடியில், முதுகுப்பக்கம் தென்னைமரத்தில் மூன்று தட்டு. காதில் பஞ்சு வைத்துப் பார்த்தாள். பஞ்சுக்கு உள்ளேயிருந்து கேட்டது.

ஜெபம் நின்றுபோனது. ஆனால் அரை மணி நிற்கவில்லை. அதுதான் கொடுமை. ஊர் பார்க்கிறதே என்று தினமும் செருப்பைக் கழற்றிப்போட்டு உள்ளே போவாள். தாழ் போட்டு, பால்பவுடர் மூட்டையில் சாய்ந்து, இரண்டு காதையும் பொத்திக்கொண்டு, மூன்று மணி எப்போது ஆகும் என்று உட்கார்ந்திருப்பாள். ஆறு வருடம் கெஞ்சி வாங்கின கதவு, அவளை உள்ளே வைத்துப் பூட்டியிருந்தது.

இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கப்பலில் வருகிற போதகர், அக்டோபரில் வந்தார். நல்ல மனுஷர். டோங்கி கவிழ்ந்த கதையை யாரோ அவருக்குத் தங்களுக்குத் தெரிந்தபடி சொல்லியிருந்தார்கள். பிரசங்கத்தில் தனிஜெபத்தைப் பற்றிப் பேசினார். நமக்கு எல்லாவற்றுக்கும் நேரம் இருக்கிறது, ஆண்டவரோடு தனியாக இருக்கத்தான் நேரம் இல்லை என்றார். கடைசியில் கையை நீட்டி அன்னம்மாளைக் காட்டினார்.

"இந்தச் சகோதரியைப் பாருங்கள். உலகமே வந்து கதவைத் தட்டினாலும் காதில் விழாத ஜெபம் இவர்களுடையது."

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அன்னம்மாள் எழுந்து வெளியே போனாள். வெளியே இருந்த வாளித் தண்ணீரை முகத்தில் வாரி அடித்துக்கொண்டாள். கூட்டம் முடியும்வரை நிற்கவில்லை. நேராக ருக்கு வீட்டுக்கு நடந்தாள்.

ருக்கு வாசலில் அருவாமணையில் உட்கார்ந்து தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள்.

"வாங்கக்கா. கோயிலு அதுக்குள்ள விட்டாச்சா?"

அன்னம்மாள் உட்காரவில்லை.

"ருக்கு, அன்னிக்கு நீ தட்டினது எனக்குக் கேட்டுச்சு, புள்ள."

தேங்காய் துருவும் சத்தம் நிற்கவில்லை.

"தெரியும்" என்றாள் ருக்கு.

"நீதான்னும் தெரிஞ்சுச்சு. தெரிஞ்சுதான் நான் தொறக்கல."

"தெரியும்க்கா. நான் வந்தப்ப உள்ள நீங்க முணுமுணுன்னு சொல்லிக்கிட்டு இருந்தீக. இவுகளுக்காகத்தான். கோவிந்தராசு காலு, கோவிந்தராசு காலுன்னு. நான் தட்டின ஒடனே அந்தச் சத்தம் நின்னுபோச்சு. நான் போற வரைக்கும் திரும்ப வரல."

அன்னம்மாள் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள்.

"இத்தன நாளும் ஏன்டி யாருகிட்டயும் சொல்லல?"

"சொன்னா ஊரு ஒங்கள வைய்யும். நீங்க பெட்டியத் தூக்கிக்கிட்டு வேற தீவுக்குப் போயிருவீக. அப்புறம் நான் யாருகிட்டப் போய்க் கேக்குறது?"

"என்ன கேக்கணும்?"

ருக்கு துருவலை நிறுத்தினாள். கையில் பாதிச் சிரட்டை.

"நீங்கதான் அவருகிட்டப் பேசுறவுக. அந்த நேரம் ஒங்க சாமி எங்கன இருந்துச்சு? உள்ள ஒங்ககூடயா? வெளிய எங்ககூடயா?"

வீட்டுக்குள்ளிருந்து கோவிந்தராஜின் கோல் தரையில் ஊன்றுகிற சத்தம் வந்தது. அன்னம்மாள் அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

"தெரியலடி."

"நானும் நாலாவது வாட்டி தட்டிருக்கணும்" என்றாள் ருக்கு. "உப்பு ஞாபகம் வந்துருச்சு. அதான் தட்டல." மறுபடி குனிந்துகொண்டாள். "தெரிஞ்சா வந்து சொல்லுங்க."

மன்னித்துவிட்டேன் என்று அவள் சொல்லவில்லை. அன்னம்மாளும் கேட்கவில்லை. அந்தக் கேள்வியை எடுத்துக்கொண்டு போக அவளுக்கு ஓர் இடம்தான் இருந்தது. நேராகச் சரக்கு அறைக்குப் போனாள். விறகு வெட்டுகிற கத்தியின் முனையைச் செருகி, தாழ்ப்பாளை ஆணியோடு பெயர்த்தாள். மறுநாள் காலை அதைச் சாகுல் ஹமீதின் கடைப் பலகைமேல் வைத்தாள்.

"ஒங்க கல்லாப் பெட்டிக்குப் போட்டுக்குங்க பாய்."

"ஏன்க்கா, லைன் கட் ஆயிருச்சா?"

"இல்ல. லைன்ல இன்னொருத்தரும் இருக்காங்க."

அவருக்குப் புரியவில்லை. ஆனால் அதற்குப் பிறகு அந்தக் கேலியை அவர் பண்ணவே இல்லை.

அன்று இரண்டரைக்கு அன்னம்மாள் உள்ளே போனாள். கதவைச் சாத்தினாள், அவ்வளவுதான். நாலு மாதத்துக்குப் பிறகு முதல் தடவையாக முழங்கால் போட்டாள். மூன்று தட்டு வந்தது. எழுந்தாள். கதவைத் திறந்து கடற்கரைப் பாதையைக் கடைசி வளைவுவரை பார்த்தாள். யாரும் இல்லை. திரும்பி வந்து விட்ட இடத்தில் தொடர்ந்தாள். அன்று அவள் சொன்னதெல்லாம் ருக்குவின் கேள்வி ஒன்றைத்தான்.

அப்படியே வழக்கமாகிவிட்டது. தினமும் அரை மணி. தினமும் மூன்று தட்டு. தினமும் எழுந்து போய்த் திறப்பது. காய்ச்சலில் கிடந்தால்கூட அந்த நேரத்துக்குச் சுவரைப் பிடித்துக்கொண்டு வந்துவிடுவாள். "நான் வரலன்னா தட்டுறவங்களுக்கு யாரு தொறப்பா?" என்று பல வருஷம் கழித்து நீலாவதியிடம் ஒருமுறை சொல்லியிருக்கிறாள்.

டிசம்பரில் ஒருநாள், தட்டாமலே கதவு திறந்தது. ருக்கு. வந்து பால்பவுடர் மூட்டைமேல் உட்கார்ந்தாள். அன்னம்மாள் கண்ணை மூடிக்கொண்டாள். அவள் பாட்டுக்கு முணுமுணுவென்று சொல்லிக்கொண்டிருந்தாள். ருக்கு விறகைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். லயம் மாதிரி ஒட்டிக்கிடக்கும் அந்த வீடுகளில் அவளுக்கும் அழ ஓர் இடம் இல்லை என்பது அன்னம்மாளுக்கு அப்போதுதான் உறைத்தது.

கொஞ்சநேரத்தில் ருக்கு அவள் தோளைத் தொட்டாள்.

"யக்கா."

"என்ன புள்ள?"

"யாரோ தட்டுறாக."

அந்தத் தட்டைப் பற்றி அன்னம்மாள் அதுவரை யாரிடமும் சொன்னதில்லை. ருக்குவிடம் சொன்னதே இல்லை. இரண்டு பேரும் கதவைப் பார்த்தார்கள். ருக்குவின் வெறுங்கை இன்னும் அன்னம்மாளின் தோளில் இருந்தது. அன்னம்மாள் தரையில் கையை ஊன்றி எழுந்தாள்.

"இரு. தொறந்துட்டு வாறேன்" என்றாள்.

அன்னம்மாள் அதற்குப் பிறகு பல வருஷம் அந்த அரை மணியைக் காத்தாள். ருக்கு சில நாள் வருவாள், பல நாள் வரமாட்டாள். ருக்குவின் கேள்விக்குப் பதில் கிடைத்ததா என்று தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை தேநீர் குடித்துக்கொண்டிருந்த பிள்ளைகளிடம் அன்னம்மாள் கேட்டதைப் பார்த்தால், அதுவரை கிடைக்கவில்லை என்றுதான் தோன்றுகிறது. இதை எழுதுகிறவனுக்கும் முழுப் பதில் தெரியாது. அவனுக்கும் இப்போது ஒரு கதவும் ஒரு நேரமும் இருக்கிறது, அவன் அதற்குத் தாழ் வைக்கவில்லை என்பது மட்டும் உண்மை.

ஜெபிக்க நேரமே இல்லை என்கிறவர் யாராவது உங்கள் வீட்டில் இருந்தால் அவருக்கு இதைச் சொல்லுங்கள். தன் ஜெப நேரத்தில் யாரும் குறுக்கே வரக் கூடாது என்கிறவர் இருந்தால், அவருக்கு முதலில் சொல்லுங்கள். ரஞ்சிதத்துக்குக் கல்லறை இல்லை. நீங்கள் இன்னொருவரிடம் சொன்னால், அவள் பெயராவது அவரிடம் போய்ச் சேரும்.